பல் சொன்ன வயது

பினாங்கு போகிற நாய்க்கு நான்கு காகிதம் வேண்டும். அந்த ஊர் அரசாங்கம் தரும் இறக்குமதி பெர்மிட் ஒன்று. வெறிநோய்த் தடுப்பூசி போட்ட சர்டிபிகேட் ஒன்று. கப்பல் ஏறும் வாரத்தில் அரசாங்க டாக்டர் பார்த்துக் கையெழுத்திட்ட ஹெல்த் சர்டிபிகேட் ஒன்று. நாயை ஏற்றிக்கொள்ளச் சம்மதம் என்று கப்பல் ஏஜெண்டு தரும் கடிதம் ஒன்று. நான்கிலும் நாயின் பெயர், நிறம், வயது, அடையாளம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் கறுப்பு, மற்றதில் பழுப்பு என்றிருந்தால் துறைமுகத்திலேயே நாய் நின்றுவிடும். நாயோடு ஆளும் நிற்க வேண்டியதுதான்.

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நான் மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர். மற்ற ஊர்களில் எருதுக்குக் காணை, ஆட்டுக்குக் கழிச்சல் என்று பொழுது போகும். காரைக்குடிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் கப்பல் காகிதம் என்ற வேலை கைக்கு வந்தது. அந்த ஊரில் வீடு இந்தக் கரையில் இருக்கும், வீட்டு ஆள் கடலுக்கு அந்தப்புறம் இருப்பார். ஆள் கூப்பிடும்போது கிளியும் மைனாவும் கூடப் போகும். ஒரு தடவை ஒரு கீரிப்பிள்ளைகூடப் போனது. இந்த வேலைக்கு இப்போது வருகிற பையன்கள் என்னிடம் படிவம் நிரப்பக் கேட்டு வருகிறார்கள். படிவத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்கு முன் ரங்கூன் என்ற நாயைப் பற்றிச் சொல்லிவிடுவது என் வழக்கம்.

உடைந்த கோரைப்பல்

நான் மானாமதுரையிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலையில் அமராவதிபுதூர்ப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றிலிருந்து சேவுகன் வந்தார். அந்த வீட்டைக் காவல் காக்கிற ஆள், ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிக்குள் வராமல் கேட்டிலேயே நின்று மஞ்சள் பையை நீட்டினார்.

"கம்பவுண்டரய்யா, ஆச்சி குடுத்துவிட்டாக. நாய்க்குக் கப்பல் காகிதம் வேணுமாம்."

"நாய் எங்கப்பா?"

"அது வராதுய்யா. நீங்கதான் அங்குட்டு வரணும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "தனியா வராதீக. டாக்டரோட வாங்க" என்றார்.

பையில் பினாங்கு பெர்மிட் இருந்தது. பெயர்: ரங்கூன். கன்னி ஜாதி வேட்டை நாய், ஆண். நிறம் கறுப்பு, கால்கள் செம்பழுப்பு. அடையாளம்: இடது காது நுனி இல்லை. வயது: பதினான்கு. பெற்றுக்கொள்பவர் வீட்டுக்கார ஆச்சியின் கணவரான செட்டியார். பன்னிரண்டு வருடமாகப் பினாங்கில் இருப்பவர். கூடவே எங்கள் ஆஸ்பத்திரியின் தடுப்பூசி அட்டை. ஊசி போட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. பெர்மிட்டில் கேட்டிருந்தபடி ஊசி ஒரு மாதத்துக்குக் குறையாமல், ஒரு வருடத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். எல்லாம் பொருந்தியது.

பொருந்தினாலும் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். எனக்கு முன்னால் இருந்த கம்பவுண்டர் முத்துக் கோத்தது போல எழுதுகிறவர். எதையும் விடமாட்டார். வருடா வருடம் அதே வீடு, அதே நாய், அதே காது. ஆறு வயதில்: "வலது மேல் கோரைப்பல் பாதி உடைந்துள்ளது." ஏழு வயதில், அதே மையில், அதே கையெழுத்தில்: "கோரைப்பற்கள் நான்கும் முழுமை."

நான் ஜன்னலண்டை எடுத்துப்போய் மறுபடி படித்தேன். நாய்க்குப் பால்பல் விழுந்த பிறகு பல் முளைப்பது ஒரே ஒரு தடவைதான். அது உடைந்தால் உடைந்ததுதான். வெளியே பட்டப்பகல். கொட்டகையில் ஒரு பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஆனால் என் பிடரியில் மட்டும் யாரோ ஈரத்துணியைப் போட்டது போல் இருந்தது. எழுதியவர் ஒரு கேள்விக்குறிகூட இடவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

டாக்டரிடம் காட்டினேன். கும்பகோணத்துக்காரர், எதற்கும் சிரிப்பவர். "மறுபடியும் பல் முளைக்குமா? என்ன மருந்துன்னு கேட்டுண்டு வாய்யா, எனக்கே ரெண்டு போயிருக்கு" என்றார். சொல்லிவிட்டுத் தானும் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

வாசலைப் பார்க்கும் நாய்

மத்தியானம் மூன்று மணிக்குப் போனோம். முகப்பில் நுழைந்தால் பின்வாசல் ஒரு தீப்பெட்டி அளவில் தெரிகிற வீடு. இரண்டு பக்கமும் அறைகள், எல்லாவற்றிலும் பூட்டு. நாங்கள் நடந்தோம், எங்கள் செருப்புச் சத்தம் ஒரு நொடி பிந்தி எதிர்ப்பக்கத்திலிருந்து நடந்து வந்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது.

ஆச்சிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க டாக்டர். மனுசனுக்கு முடியலன்னா நாங்க வண்டி கட்டி வரணும். நாய்க்குன்னா டாக்டரே வீடு தேடி வாரீக."

"நாய்தான் ஃபீஸ் பேரம் பேசாது ஆச்சி" என்றார் டாக்டர்.

நாய் ஒரு பூட்டிய அறையின் முன்னால் படுத்திருந்தது. கன்னி நாய் புது ஆளைக் கண்டால் வீட்டைக் கூரையோடு தூக்கும். இது எழுந்து வந்தது, முகரவில்லை, குரைக்கவில்லை. என்னைத் தாண்டி, நாங்கள் வந்த வழியைப் பார்த்தபடி நின்றது. என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். வாசல் மட்டும் இருந்தது. வெயில் இருந்தது.

"அவுக போன வழி" என்றார் ஆச்சி. "பன்னெண்டு வருசமா அப்புடித்தான் பாக்குது."

நான் குந்தி உட்கார்ந்து அதன் உதட்டைத் தூக்கினேன். கீழ் முன்பற்கள் பால் வெள்ளை. ஒவ்வொரு பல்லின் நுனியிலும் மூன்று சின்ன மேடு, பூவிதழ் மாதிரி. அந்த மேடு இரண்டு வயதுக்கு மேல் தேயத் தொடங்கிவிடும். இதில் தேய்வே இல்லை. பன்னிரண்டு வருடமாக வாசலைப் பார்க்கிற நாயின் வாயில் இரண்டு வயதுப் பல்.

காதைப் பார்த்தேன். கடித்துப் பிய்ந்த காதின் விளிம்பு கிழிந்த துணி போல இருக்கும். இது ஒரே கோடாக, நறுக்கியது போல இருந்தது. தழும்பில் இன்னும் இளஞ்சிவப்பு மாறவில்லை.

"இது எப்ப அறுந்துச்சு ஆச்சி?"

"குட்டியில பெருச்சாளி கடிச்சதாம். அவுக சொல்லுவாக."

வெற்றிலைத் தட்டில் பித்தளைப் பிடி போட்ட பாக்குவெட்டி கிடந்தது. என் பார்வை அங்கே போனதை ஆச்சி கண்டுகொண்டார். தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாய் மட்டும் வாசலிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றது.

வெளியே சேவுகன் காத்திருந்தார். "பாத்தீகளா?"

"நல்லா இருக்கேப்பா. என்ன பயம் உனக்கு?"

"அதை நான் ரெண்டு தடவை பொதைச்சிருக்கேன்யா." கையை விரித்துக் காட்டினார். "கொல்லையில. மண்ணு தள்ளுனது இந்தக் கைதான். கடைசியாப் பொதைச்சு நாலு மாசம்கூட ஆகலை. ரெண்டு தடவையும் ஆச்சி அழுதுகிட்டே தேவகோட்டைக்கு, அவுக ஆத்தா வீட்டுக்குப் போனாக. எட்டாம் நாளு காரு வந்து நிக்குது. ஆச்சி எறங்குறாக, பின்னாலேயே அது எறங்குது. அதே காது. 'ரங்கூன் வந்துட்டான்டா சேவுகா'ங்குறாக. நேரா அந்தக் கதவுகிட்டப் போயிப் படுத்துக்கிட்டு வாசலைப் பாக்குது. புது நாய்னா அதுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தது?"

பதில் தெரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

நான் எழுதிய கடிதம்

மர்மம் பாதி அவிழ்ந்துவிட்டது. நாய் செத்தபோதெல்லாம் ஆச்சி அதே மாதிரி இன்னொன்றைத் தேடிப் பிடித்து, காதை நறுக்கி, பெயரை ஏற்றிக் கொண்டு வந்திருக்கிறார். மிஞ்சியது எங்கள் தொழிலின் பயம். பத்து மாதத்துக்கு முன் ஊசி போட்டுக்கொண்ட நாய் கொல்லை மண்ணுக்குள் இருக்கிறது. இந்த நாய்க்கு ஊசியே இல்லை. அந்த மாதம் எங்கள் வட்டாரத்தில் வெறிநாய் ஒன்று மூன்று பேரைக் கடித்திருந்தது. காகிதம் பொருந்துகிறதே என்று நான் நீட்டியிருந்தால் டாக்டர் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்தக் கையெழுத்து கப்பலேறிப் போய், முகம் தெரியாத ஒரு தெருவில், யாரோ ஒரு குழந்தையைக் கடித்திருக்கும்.

"புதுசா ஊசி போடு. ஒரு மாசம் ஆகட்டும். வயசு ரெண்டுன்னு எழுது" என்றார் டாக்டர். "பெர்மிட்டில் பதினாலுன்னு இருக்கே, அதை மாத்தச் சொல்லி பினாங்குக்குக் கடிதம் போடு."

ஊசி போட்டேன். அன்று மாலையே செட்டியாருக்குக் கடிதமும் போட்டேன். "பரிசோதித்ததில் நாயின் வயது சுமார் இரண்டு. பெர்மிட்டைத் திருத்தி அனுப்பவும்." மூன்று வரி. சுத்தமான மூன்று வரி. ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விமானத் தபாலில் சேர்த்துவிட்டு, கடமையைச் செய்தவனின் நடையோடு வீட்டுக்குப் போனேன். அந்த நடையை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மூன்றாம் நாள் ஆச்சியே வாடகைக் காரில் வந்தார். சினை பார்க்க வந்த மாடுகளுக்கு நடுவே, சேலை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஊசி போட்டீக, சரி. ஒரு மாசம் இருக்கணும்னீக, இருக்கேன். அதுக்கு அடுத்த கப்பல்ல நான் போகலைன்னா என்னையே அங்க எறங்க விடமாட்டாக. என் அனுமதி முடிஞ்சுபோகும். வயசை மட்டும் பதினாலுன்னு எழுதிருங்க."

"பல்லு ரெண்டுன்னு சொல்லுது ஆச்சி."

"பல்லு சொல்லும். பன்னெண்டு வருசம் அந்த வீட்டுல பல்லா இருந்துச்சு?"

நான் கையிலிருந்த ரிஜிஸ்டரை மூடினேன்.

"அவுக போறப்ப கேட்டது ஒண்ணே ஒண்ணு தம்பி. 'ரங்கூனைப் பாத்துக்க, நான் வர்ற வரைக்கும்.' மாசம் தவறாமக் கடுதாசி வரும். ரங்கூன் எப்படி இருக்கான்னு மொத வரியிலயே கேப்பாக. நான் எப்புடி இருக்கேன்னு ரெண்டு கடுதாசிக்கு ஒருக்கத்தான்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கேட்ட ஒண்ணையும் காப்பாத்தத் தெரியாதவளாப் போயி நிக்கவா? அவுகளா வரலை, பன்னெண்டு வருசம் கழிச்சு என்னைக் கூப்புடுறாக. நாயைக் கொண்டான்னுதான் கூப்புடுறாக. நாய் இல்லைன்னா நானும் வேண்டாம்னு சொல்லிட்டாகன்னா?"

அப்போதுதான் சொன்னேன், கடிதம் போய்விட்டதை.

ஆச்சி கோபப்படவில்லை. "எழுதிட்டீகளா" என்று கேட்டுவிட்டு, தீவன மூட்டை மேல் உட்கார்ந்தார். அவர் பார்வை கேட்டுக்குப் போய் நின்றது. நாய் பார்க்கிற பார்வை அது. இரண்டில் எது எதனிடம் கற்றுக்கொண்டது என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

பெட்டி

கப்பலில் போகும் நாய்க்கு மரப்பெட்டி செய்ய ஒரு முறை உண்டு. நாய் நிற்கவும் திரும்பவும் இடம் வேண்டும். மூன்று பக்கம் காற்று வர இடைவெளி விட்ட சட்டம். உள்ளே ஆணி முனை தெரியக் கூடாது. அடியில் தகரத் தட்டு. செய்து முடித்தவுடன் நாயை அடைத்துவிடக் கூடாது. இரண்டு வாரம் கதவைத் திறந்து வைத்து, சோற்றை உள்ளே வைத்துப் பழக்க வேண்டும். முதல் சில நாள் எந்த நாயும் கிட்டே வராது.

தச்சர் பெட்டியை முற்றத்தில் இறக்கியபோது நானும் இருந்தேன். தட்டில் சோறுகூட வைக்கவில்லை. ரங்கூன் எழுந்து வந்தது, உள்ளே போனது, ஒரு சுற்று சுற்றிப் படுத்தது. தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "இது முன்னாடியே போயிட்டு வந்த நாயா?" என்று கேட்டார். சேவுகன் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். நானும் அதிக நேரம் நிற்கவில்லை.

பினாங்கிலிருந்து பதில்

மூன்றாவது வாரம் பதில் வந்தது. டாக்டர் பெயருக்கு வந்தது. படித்துவிட்டு, சிரிக்காமல் என்னிடம் நீட்டினார். செட்டியார் எழுதியிருந்தது கிட்டத்தட்ட இதுதான்:

"வயது இரண்டு என்று அறிந்தேன். நான் விட்டுவந்த நாயும் ரங்கூன் அல்ல. நான் கப்பலேறுவதற்கு நான்கு நாள் முன்பு ரங்கூன் பாம்பு கடித்து இறந்துவிட்டது. என் மனைவி அப்போதுதான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துப் படுத்த படுக்கையாக இருந்தாள். அந்த நாய் ஒன்றுதான் அவள் கட்டிலடியில் கிடந்தது. அது போன செய்தியைச் சொல்லிவிட்டு என்னால் கப்பல் ஏற முடியாது. ரங்கூனின் கூடப் பிறந்த நாய் பக்கத்து ஊரில் இருந்தது. அதை வாங்கி, காதை நானே வெட்டி, கட்டிலடியில் விட்டேன். இதை அவள் அறிந்தால் பன்னிரண்டு வருடம் ஏமாற்றியவன் ஆவேன். எந்த நாய் வந்தாலும் பதினான்கு என்றே எழுதுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே பொய்யைத்தான் கேக்கறா" என்றார் டாக்டர். "நாம அதை எழுத முடியாது. முதல் கடிதம் நீ எழுதினது. நீயே போய்ப் பேசு."

சைக்கிளில் போகும்போது வழியெல்லாம் வாக்கியம் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. முதல் கடிதத்தை ஆச்சியிடம் கேட்காமல் எழுதினேன். இந்தக் கடிதத்தைச் செட்டியாரிடம் கேட்காமல் ஆச்சி கையில் கொடுத்தேன். இரண்டும் தப்புதான். இரண்டாவது தப்பைத் தெரிந்தே செய்தேன்.

ஆச்சி தூணில் சாய்ந்து படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார்.

"எதால வெட்டுனாகன்னு எழுதலையே" என்றார்.

"இல்லை ஆச்சி."

"எனக்குத் தெரியும்." கண் பாக்குவெட்டிக்குப் போனது. "அப்ப நான் மொதல்ல பொதைச்சதே அவுக கொண்டாந்து விட்டதைத்தான். அந்த நேரம் எனக்குப் பகலா ராவான்னுகூடத் தெரியாது தம்பி. கட்டிலுக்கு அடியில கையை விடுவேன். அது நக்கும். அவ்வளவுதான். நாலு நாளு நக்கலையாக்கும், எனக்குத் தெரியலை."

கடிதத்தை நாலாக மடித்தார். கண்ணைத் துடைத்தபோது முகத்தில் வேறு ஒரு களை வந்திருந்தது. சண்டைக்குத் தயாராகிற மனைவியின் களை.

"ரெண்டுன்னே எழுதுங்க."

"ஆச்சி?"

"பெர்மிட்டை மாத்தியே ஆகணும்னு தந்தி குடுங்க. இந்தக் கடுதாசியை நான் பாக்கலைன்னே வச்சுக்கங்க. ரெண்டு வயசு நாயைக் கூட்டிக்கிட்டுப் போயி எறங்குறேன். அவுக கேக்காகளா, கேக்காம முழுங்கிக்கிட்டு நிக்காகளான்னு நான் பாக்கணும்ல!"

தந்தி போனது. திருத்திய பெர்மிட் வந்தது, வயது இரண்டு என்று. கூட ஒரு சீட்டும் இல்லை. "பாத்தீகளா, ஒரு வார்த்தை எழுதலை, கல்லுளிமங்கன்" என்று ஆச்சி சிரித்தார். ஹெல்த் சர்டிபிகேட்டில் அடையாளம் என்ற இடத்தில், "இடது காது நுனி இல்லை; கருவியால் வெட்டப்பட்டது" என்று எழுதினேன். டாக்டர் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். நாகப்பட்டினத்தில் கப்பல். அனுமதி முடிய ஆறு நாள் மிச்சம் இருந்தது.

ஆச்சியின் கடிதம்

இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். இடையில் ஒரு பத்தியை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

"இறங்கியவுடன் நாயைத் தனிக் கொட்டகையில் அடைத்துவிட்டார்கள். கெடு முடிந்து கூட்டிவரப் போனோம். நான் பின்னால் நின்றுகொண்டேன். அங்கே கூலி ஆட்கள், சீனர்கள், நம் ஊர்க்காரர்கள் என்று ஏகப்பட்ட பேர். வெள்ளை வேட்டியே எட்டு பேர் இருக்கும். காவலாள் கதவைத் திறந்தான். பிறந்ததிலிருந்து அவுகளைப் பார்க்காத நாய் தம்பி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து நேராக அவுகளிடம் போய், பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. அவுக முகம் செத்துப்போனது. என்னைப் பார்த்தாக. அவுகளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தோம்."

படிவம் நிரப்ப வருகிற பையன்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பல்லைப் பார். பல் சொல்வதைத்தான் எழுது. கண்ணீருக்காகவோ கெஞ்சலுக்காகவோ ஒரு வயதைக்கூட ஏற்றாதே. ஆனால் மை தொடும் முன்னால் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, கண்டதை வாயால் சொல்லிவிடு. அவர்கள் சொல்வதையும் கேட்டுவிடு. நான் அன்று சொல்லாமல் எழுதிய மூன்று வரி நல்லபடியாக முடிந்தது என் சாமர்த்தியத்தால் அல்ல.

வயது என்ற கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். அது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் அதையே எழுதுவேன். அந்தக் கூட்டத்தில் அந்த நாய் யாரைத் தேடிப் போனது, எப்படிப் போனது என்பதை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.